டிபன் டப்பாவில் வந்த பூ

தாவரக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். இலையின் நரம்பு, தண்டில் வடியும் பால், விதை நுனியின் முடி, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. நிறம் மட்டும் தப்பிவிடும். நீலத்துக்கும் ரோஸுக்கும் அவருக்கு வித்தியாசமே தெரியாது. இது அலுவலகத்தில் தெரிந்தால் வேலைக்கே வேட்டு வைத்துவிடுவார்கள் என்று பயந்து, வெளியே போகும்போதெல்லாம் வீடியோ காலில் மனைவியிடம் காட்டிக் கேட்டுக்கொள்வார்.

அன்று சாலையோரச் சரிவில் சாமந்திக் குடும்பத்துச் செடி ஒன்று பூத்திருந்தது. நீலமென்றால் இந்த மண்ணுக்கே சொந்தமான அபூர்வச் செடி. சரிவுக்கு வேலி போடுவார்கள். ரோஸ் என்றால் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட களை. மத்தியானமே புல் வெட்டும் இயந்திரம் வந்து மொட்டையடித்துவிடும். மற்றபடி இரண்டும் ஒரே அச்சு.

"நீலம்ங்க. பளிச்சுன்னு இருக்கு" என்றாள் மனைவி.

ஒரு பூவைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டார். இன்னொன்று வாடாமலிருக்கட்டும் என்று, வெள்ளரித் துண்டுகளைத் தின்று தீர்த்த ஈர டிபன் டப்பாவில் வைத்து மூடினார்.

அலுவலகத்தில், புதிதாக வந்திருந்த பெண் அதிகாரி டப்பாவைத் திறந்தார்.

"நீலம் மேடம்" என்றார் இவர், கேட்பதற்கு முன்பே.

"விளையாடுறீங்களா சார்? ரோஸ் கலர்ல இருக்கு."

இவர் வராந்தாவுக்கு ஓடிப்போய்ப் போன் போட்டார்.

"ஏம்மா, நல்லா பாத்துத்தான் சொன்னியா?"

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? நீலம்தான்."

"அவங்க ரோஸ்னு சொல்றாங்களே!"

"அத அவங்ககிட்ட கேளுங்க!" போனை வைத்துவிட்டாள்.

யாரை நம்புவது? கல்யாணமானதிலிருந்து சட்டை, காலுறை, பழம் பழுத்ததா இல்லையா என்பதுவரை எல்லாம் அவள் சொன்னதுதான். இது தப்பென்றால் அதெல்லாம்? அவளைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று வேறு வெட்கமாக இருந்தது. ஒன்றும் புரியாமல் உள்ளே வந்தார்.

அதிகாரி டப்பாவை முகர்ந்துகொண்டிருந்தார். "இதுல எலுமிச்சம்பழம் இருந்துச்சா?"

"வெள்ளரிக்காய் மேல பிழிஞ்சு குடுத்தா."

"வேற பூ இருக்கா?"

காகிதத்தில் மடித்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். டப்பாவின் அடியில் தேங்கியிருந்த சாற்றை அதிகாரி அதன்மேல் சொட்டவிட்டார்.

"பாருங்க, பாருங்க! புளிப்பு பட்டதும் நீலம் எப்படி ரோஸா மாறுது!"

பக்கத்து மேசைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். இவரும் பிளந்திருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் அவர் பார்த்தவரை பூ அப்படியேதான் இருந்தது. அவளைச் சந்தேகப்பட்ட வாயில் இன்னொரு பொய் வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் மாறல மேடம். ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

அதிகாரி டப்பாவைக் கீழே வைத்தார்.

"அப்போ இத்தனை நாளா கலர் சொன்னது யாரு?"

"என் வீட்டுக்காரி."

அதிகாரி பூவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முதலில் இயந்திரக்காரரைக் கூப்பிட்டுச் சரிவுக்குப் போக வேண்டாமென்றார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "அவங்களக் கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார்.

போட்டார். மணி அடித்தது. இவர் வாயைத் திறக்குமுன்னே அலுவலகம் முழுக்கக் கேட்டது அவள் குரல்:

"எத்தன தடவ கேட்டாலும் அது நீலம்தாங்க!"