கிண்டுகிற ஞாயிறு

ஆட்டுக் கொழுப்பின் மேலிருந்த சவ்வை உரித்துக்கொண்டிருந்தபோதுதான், தங்கை செல்லம்மாள் செத்து இன்றோடு எழுபது நாள் ஆகிறது என்பது முனியம்மாளுக்கு நினைவு வந்தது. நினைவு வந்ததே தவிர, அதோடு வேறெதுவும் வரவில்லை. வெளியே கார்த்திகை மழை பிடித்துக்கொண்டிருந்தது. சவ்வு முழுசாகக் கழன்று வந்தது. அவள் கொழுப்பைத் துருவ ஆரம்பித்தாள்.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையில் சின்ன மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதை நடத்திவந்த மிஸ் ஹார்ட்லியின் வீட்டில் முனியம்மாளுக்குப் பதினோரு வருஷமாகச் சமையல் வேலை. கிறிஸ்துமஸுக்கு நாலைந்து வாரம் முன்னால் வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் புட்டிங் என்கிற கிறிஸ்துமஸ் பலகாரத்தைக் கிண்டியாக வேண்டும். இங்கிலாந்தில் மிஸ்ஸின் தாயாரும், அந்தத் தாயாருக்குத் தாயாரும் செய்த வழக்கம். வாலாஜாபாத் அப்துல் ஜப்பார் கடையிலிருந்து உலர்ந்த திராட்சையும் ஜாதிக்காயும் வரும். ரொட்டித் தூள், முட்டை, வெல்லம், இந்தக் கொழுப்பு, மிஸ் மதுவிலக்குப் பர்மிட்டில் வாங்கி பீரோவில் பூட்டி வைத்திருக்கும் பிராந்தியில் அரை டம்ளர். எல்லாவற்றையும் கொட்டியதும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மரக்கரண்டியைப் பிடித்துக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு சுற்றுக் கிண்டி, மனசுக்குள் ஒன்றை வேண்டிக்கொள்ள வேண்டும். வெளியே சொன்னால் பலிக்காதாம்.

முதல் சில வருஷம் முனியம்மாள் தனக்கொரு குழந்தை வேண்டுமென்று கேட்டாள். புருஷன் வேறொருத்தியோடு பெங்களூருக்குப் போனபிறகு, அவன் திரும்பி வர வேண்டுமென்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் எதையும் கேட்காமலேயே கிண்டினாள். தாயில்லாமல் அவளே வளர்த்துக் கட்டிக்கொடுத்த செல்லம்மாளுக்கு நாலு வருஷமாக வயிறு திறக்கவில்லை. போன வருஷம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவளுக்கு ஒரு குழந்தை கொடு என்று கேட்டாள். தை மாசமே அவள் புகுந்த ஊர் காவாந்தண்டலத்திலிருந்து சேதி வந்துவிட்டது. புரட்டாசி பிறக்குமுன் செல்லம்மாள் ஒரு பெண்ணைப் பெற்றாள். மூன்றாம் நாள் ஜன்னி கண்டு போய்விட்டாள். சுடுகாட்டுக்குத் தூக்கும்போது ஊரே அழுதது. முனியம்மாள், வந்தவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தையை யாரோ மடியில் போட வந்தபோது கை ஈரமாயிருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

சர்ச்சிலிருந்து வந்ததும் மிஸ் கிண்டினாள். தோட்டக்காரன் கோபால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கிண்டிவிட்டுப் போனான். மிஸ் கரண்டியை முனியம்மாளிடம் நீட்டினாள்.

"எனக்கு வேணாங்கம்மா."

"ஏன் முனியம்மா?" மிஸ்ஸின் தமிழ் எப்போதும் புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கும்.

"போன வருஷம் கேட்டது கெடச்சிடுச்சிங்க. அதான்."

மிஸ்ஸுக்கு அது புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். சண்டைக் காலத்தில் இங்கிலாந்தில் சர்க்கரையும் முட்டையும் அளந்துதான் கிடைத்தன. காரட்டைத் துருவிப் போட்டு அந்த வருஷத்துப் புட்டிங்கைச் செய்தார்கள். மிஸ்ஸின் தம்பி கப்பலில் இருந்தான். வீட்டிலிருந்த நாலு பேரும் அவனுக்காகவே கிண்டினார்கள்.

"நாங்கள் கேட்டது கிடைக்கவில்லை," என்றாள் மிஸ். "அடுத்த வருஷமும் அம்மா கிண்டச் சொன்னார். எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. ஆனாலும் கிண்டினேன்."

"இன்னா கேட்டீங்க?"

"ஒன்றுமில்லை. மாவு அடியில் ஒட்டியிருந்தது. அதைத்தான் பார்த்தேன்."

முனியம்மாளுக்கு மிஸ்ஸைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கரண்டியை வாங்கி, அடியில் தங்கிய வெல்லத்தைச் சுரண்டி மேலே கொண்டுவந்து, மாவு தூவிய துணியில் கொட்டி இறுக்கிக் கட்டினாள். பெரிய குண்டானில் தண்ணீர் கொதித்தது. மூட்டையை இறக்கி மூடினாள். எட்டு மணி நேரம் வேக வேண்டும். தண்ணீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு மணி வாக்கில் செல்லம்மாளின் புருஷன் சடையப்பன் நனைந்தபடி பின்வாசலில் வந்து நின்றான். துண்டுக்குள் குழந்தை இருந்தது. உள்ளே வரச் சொன்னாள். அவன் வாசற்படியிலேயே குந்தினான். அவன் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறாளாம். பக்கத்து வீட்டுக்காரிகள்தான் இரண்டு வாரமாக மாற்றி மாற்றிக் குழந்தைக்குப் பால் புகட்டுகிறார்களாம்.

"தையில இன்னொருத்தியக் கட்டிக்கச் சொல்லிக்கினு கீறாங்க அண்ணி," என்றான், தரையைப் பார்த்து. "வர்றவ இத்தப் பாப்பாளா, மாட்டாளா, யாருக்குத் தெரியும். நீங்க வெச்சிக்கினா நல்லா கீது. இன்னும் பேர்கூட வெக்கில."

அவள் அடுப்பைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தோணல மாப்ள."

"வெள்ளிக்கெழம வரேன். முடியாதுன்னா சொல்லிடுங்க. செய்யாறு தாண்டி எங்க பெரிம்மா வூடு கீது. அங்க வுட்டுடறேன்."

குழந்தையை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பழைய புடவை மேல் கிடத்திவிட்டு அவன் எழுந்தான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னதற்கு, பஸ் போய்விடும் என்றான். மழைக்குள் ஓடியவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மிஸ் வந்து குழந்தையின் வயிற்றையும் கண்ணையும் பார்த்தாள். இளைத்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து பால் புகட்டுகிற பாலாடை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு முன்கட்டுக்குப் போனாள். முனியம்மாள் பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சினாள். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். குழந்தை பாதி குடித்தது, பாதியைக் கடைவாயில் வழியவிட்டது. முகத்தில் செல்லம்மாளின் சாயல் இருக்கிறதா என்று தேடினாள். தெரியவில்லை. எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருந்தது.

படுக்கவைத்ததும் அது சிணுங்க ஆரம்பித்தது. பிறகு தானாக நின்றது. குண்டானின் மூடி ஆவியில் தூக்கித் தூக்கி டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. குழந்தை தலையை அந்தப் பக்கம் சாய்த்து, கண்ணை அகலத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தது.

தண்ணீர் ஊற்ற நேரமாகிவிட்டது. முனியம்மாள் மூடியை எடுத்தாள். சத்தம் நின்றதும் குழந்தை வீறிட்டது. இரண்டு செம்பு வெந்நீரை ஓரமாக ஊற்றி அவசரமாக மூடினாள். மூடி கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது, சத்தமில்லை. அழுகை ஏறியது.  அவள் விறகு ஒன்றை உள்ளே தள்ளி, மூடியை ஒரு பக்கமாக நகர்த்தி, கொஞ்சம் சாய்த்து, இன்னும் கொஞ்சம் சாய்த்து, அது மறுபடி டக்டக்கென்று அடிக்கும்வரை விரல் சுடச் சுட நகர்த்திக்கொண்டிருந்தாள்.