ஐயாயிரத்து முப்பத்தேழு பேர்

சைபரைக் கண்டால் மனுஷனுக்கு மனசு விட்டுப்போகும் என்பது சுருட்டையின் கட்சி. அதனால்தான் சிநேகிதனுக்கு இணையப் பக்கம் ஒன்று செய்து கொடுத்தபோது, உச்சியில் இருந்த "இதுவரை வந்தவர்கள்" என்ற கட்டத்தைச் சைபரில் விடாமல் ஐயாயிரத்தில் ஆரம்பித்து வைத்தாள். அந்தக் காலத்தில் பக்கம் வைத்திருந்த பாதிப் பேர் செய்த தில்லுமுல்லுதான் அது. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள்.

சுருட்டை என்பது முடியைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். ஐந்து கம்ப்யூட்டரும் ஒரு மோடமுமாக அவள் பிரவுசிங் சென்டர் நடத்திவந்தாள். அந்த மோடம் தொண்டையைக் கனைத்து, கீச்சிட்டு, மனசு வந்தால்தான் இணைப்புக் கொடுக்கும். சிநேகிதன் லிஃப்ட் மெக்கானிக். அவன் சொந்தப் பெயர் அவன் அக்காவுக்கே மறந்துபோயிருக்கும். எல்லோருக்கும் அவன் லிஃப்ட்டுதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவருக்கும் சண்டை, அதே வகுப்பிலிருந்து சிநேகம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் லிஃப்ட்டுக்கு மனநோய் வந்தது. தூக்கம் போயிற்று. சுவரில் இருக்கும் சுவிட்சுகள் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்கின்றன என்றான். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தான். மாத்திரை கேட்டது, எழுந்து உட்கார்ந்தான், திரும்ப வேலைக்கும் போனான். "சர்க்கரை உள்ளவன் ஒரு மாத்திரை போடுறான், நான் ஒண்ணு போடுறேன். இதுல என்ன இருக்கு?" என்று அவனே சொல்வான். ஒரு லிஃப்டின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். அதையெல்லாம் எழுதிவைடா என்று பக்கத்தைச் செய்து கொடுத்தவளும் சுருட்டைதான்.

ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவனே தட்டித் தட்டி ஏற்றினான். முதல் வாரம் கதவு உரசினால் என்ன செய்வது, கயிறு தேய்ந்தால் எப்படித் தெரியும் என்றெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் அவள் காதோடு கேட்டான்: "நிஜமாவே ஐயாயிரம் பேர் படிக்கிறாங்களா?"

"பின்ன? நீ என்ன லேசுப்பட்ட ஆளா?" என்றாள் சுருட்டை, வேறு யாருக்கோ பிரிண்ட் எடுத்துக்கொண்டே.

உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அவன் மாத்திரையை நிறுத்தியிருந்தான். அது யாருக்கும் தெரியாது. அக்கா பத்து தெரு தள்ளி இருந்தாள். தம்பி போட்டுக்கொள்கிறான் என்று நம்பினாள். சுருட்டையோ தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் காரியமாக அவன் பக்கத்தைத் திறப்பாள். இணைப்பு ஆமை வேகம். மேலேயிருக்கும் எண் முதலில் வரும், எழுத்தெல்லாம் பின்னால் ஆடி அசைந்து வரும். எண் ஒன்று ஏறியிருக்கிறதா என்று பார்ப்பாள், சந்தோஷமாக மூடிவிடுவாள். அந்த ஒன்று தானேதான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒரு திருப்தி.

கீழே அவன் எழுதிக்கொண்டிருந்தது வேறு. லிஃப்டுகள் ஒன்றோடொன்று பேசுகின்றன. இருபத்தொன்றாம் தேதி எல்லா லிஃப்டும் ஒரே நேரத்தில் அறுந்து விழும். என்னை நம்பும் ஐயாயிரம் பேரும் அன்று படியில் ஏறுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுருட்டை படிக்கவில்லை. கடைக்கு மெயில் பார்க்க வந்த ஒரு மாலைப் பத்திரிகை நிருபர் படித்தார். காலையில் திறந்த பக்கத்தை அவள் அன்றைக்கு மூட மறந்திருந்தாள். அவர் அதை மூடிவிட்டுத் திரும்பத் திறந்து, கடைசி வரைக்கும் இறக்கிப் பார்த்து, குறிப்பெடுத்துக்கொண்டு போனார். மறுநாள் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து: "லிஃப்டில் மரணம்! இணையத்தில் ரகசியக் கும்பல்! 5,037 பேர் உறுப்பினர்!"

அப்புறம் கேட்க வேண்டுமா? தொலைக்காட்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டரையே தொட்டிராத ஒரு நிபுணர் வந்து, இணையம் கண் வழியாக மூளைக்குள் போகும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். செய்தி பார்த்தவன் எல்லாம் அந்தப் பக்கம் எப்படித்தான் இருக்கிறது என்று போய்ப் பார்க்க, எண் பன்னிரண்டாயிரத்துக்கு ஏறியது. "கும்பல் ஒரே நாளில் இரண்டு மடங்கு!" என்று அடுத்த செய்தி. எட்டிப் பார்த்தவனை எல்லாம் கும்பலில் சேர்த்து எண்ணிய புத்திசாலிகளை என்னவென்று சொல்வது? லிஃப்ட்டின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைக்கூட எவனோ கிளறி எடுத்துவிட்டான். "மனநோயாளித் தலைவன்" என்று பட்டம் கட்டினார்கள்.

அந்த இரண்டு நாளும் சுருட்டையும் அக்காவும் மாறி மாறித் தட்டியும் லிஃப்ட்டு வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. இருபத்தொன்றாம் தேதி காலை அக்கா போன் செய்தாள். "தம்பியைக் காணலைம்மா. மாத்திரை டப்பா அப்படியே இருக்கு. ஒரு மாசமா ஒண்ணுகூடக் குறையலை. அவன் பார்த்துக்கிற பதினோரு மாடிக் கட்டடத்துக்குத்தான் போயிருப்பான்."

அக்கா சொன்னது சரி. அந்தக் கட்டடத்தின் லிஃப்டை நிறுத்திவிட்டு, மொட்டை மாடியில் மோட்டார் இருக்கும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டிருந்தான். சுருட்டை போய்ச் சேர்ந்தபோது கீழே போலீஸ், இரண்டு டிவி வண்டி, அண்ணாந்து பார்க்கும் கூட்டம். அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவையும் அக்கா கையோடு கூட்டி வந்திருந்தாள்.

"அரை மணி நேரம் பார்ப்பேன். அப்புறம் கதவை உடைச்சு இழுத்துட்டு வரவேண்டியதுதான்," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்த ஐயாயிரம் பேரோட லிஸ்ட் எனக்கு வேணும்."

அக்கா சுருட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை கேமரா முன்னாடி அவனை இழுத்துட்டு வந்தா, அப்புறம் அவன் குணமானாலும் தெருவுல தலைகாட்ட மாட்டான். தம்பி எனக்கில்லைன்னு ஆயிடும்மா."

பயந்து ஒதுங்குகிற பழக்கம் சுருட்டைக்கு எந்த நாளிலும் இருந்ததில்லை. நேராகப் போய் கேமராக்களுக்கு முன்னால் நின்றாள். அந்த மாலைப் பத்திரிகை நிருபர்தான் முதலில் பாய்ந்து வந்தார்.

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

"சிநேகிதி."

"அப்படின்னா?"

"அப்படின்னா சிநேகிதிதான். உங்களுக்கு யாரும் இல்லையா?" என்றாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. அந்த ஐயாயிரமும் நான்தான். சைபர் நல்லா இல்லேன்னு நான் போட்ட நம்பர் அது. பத்திரிகையில வந்த அன்னிக்கு அந்தப் பக்கத்துக்கு வந்திருந்தது முப்பத்தேழு பேர். கூட்டமும் இல்லை, கும்பலும் இல்லை. அவனுக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான்."

"அந்த முப்பத்தேழு பேர் யார்?"

"முப்பத்தேழாவது ஆள் நீங்கதான் சார். என் கடையில மூணாம் நம்பர் கம்ப்யூட்டர். தலைவரே, உங்க கும்பல்ல இன்னும் யாரெல்லாம் இருக்காங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவி வாயை மறைத்துக்கொண்டார். பிறகு கேமராக்காரர்களைக் கட்டடத்தின் கேட்டுக்கு வெளியே தள்ளச் சொல்லிவிட்டு, "ஒரு மணி நேரம். போய்க் கூட்டிட்டு வாம்மா," என்றார்.

லிஃப்ட் தரைத்தளத்தில் கதவு திறந்தபடி காலியாக நின்றது. உள்ளே யாரும் நுழையாதபடி குறுக்கே ஒரு நாற்காலி. சுருட்டை படியேறினாள். முதல் மாடியில் லிஃப்ட் கதவில் தகரப் பலகை தொங்கியது: "பராமரிப்பு நடக்கிறது. பயன்படுத்த வேண்டாம்." இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் ஒன்று. ஆள் இல்லை என்று உறுதி செய்து, லிஃப்டைத் தரைக்குக் கொண்டுவந்து, மாடி மாடியாகப் பலகை மாட்டிவிட்டுத்தான் மெயின் சுவிட்சில் கை வைக்க வேண்டும் என்பது அவன் தொழில் பாடம். ஆறாவது மாடியோடு கம்பெனி கொடுத்த பலகை தீர்ந்துபோயிருக்கிறது. ஏழிலிருந்து அட்டையில் கையால் எழுதி நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தான். பத்தாவது மாடி அட்டையில் கூடுதலாக ஒரு வரி: "சிரமத்துக்கு மன்னிக்கவும். முடியாதவர்கள் வாட்ச்மேனைக் கூப்பிடவும்."

சுருட்டை அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். மூளை கலங்கிக் கிடக்கும்போதும் பத்தாவது மாடியில் யாரோ ஒரு கிழவருக்குக் கால் வலிக்குமே என்று யோசித்தவனைத்தான் கும்பல் தலைவன் என்கிறார்கள். அவனை ஒரு மாதமாக அவளும் பார்க்கவில்லை, நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மோட்டார் அறைக் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான்டா. பதினோரு மாடி ஏற வச்சிட்டியே, பாவி."

"படியிலயா வந்த?"

"லிஃப்டை நிறுத்தி வச்சுட்டு கேள்வியைப் பாரு. கதவைத் திற."

"முடியாது. இன்னிக்கு முழுக்க நான் காவல் இருக்கணும். ஐயாயிரம் பேர் என்னை நம்பி இருக்காங்க." குரல் வேகவேகமாக வந்தது. நாலைந்து நாள் தூங்காத குரல்.

ஐயாயிரம் பேரும் பத்திரமா இருக்காங்கடா, நீ வா என்று ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறந்துவிடும். அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். அவள் சொன்ன ஒரு பொய்தான் அவனை இங்கே உட்கார வைத்திருக்கிறது, இன்னொன்று வேண்டாம்.

"ஐயாயிரம் பேர் இல்லைடா. நான் போட்ட நம்பர் அது. வந்தது முப்பத்தேழு."

அவள் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் போட்ட?"

"முதல் நாளே சைபரைப் பார்த்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவியேன்னு."

"நான் கேட்டேனே."

"கேட்ட. அப்பவும் பொய்தான் சொன்னேன். தப்பு என்மேலதான்."

வேலையில் உதிரிச் சாமான் சரிபார்க்கும் அதே குரலில் கேட்டான்: "முப்பத்தேழு யார் யாரு?"

"நீ நாலு தடவை. அக்கா முதல் வாரம் ரெண்டு தடவை. ஒரு பத்திரிகைக்காரன். மீதி முப்பதும் நான்."

"முப்பதுமா?"

"தினம் ஒண்ணு. கடை திறந்ததும்."

"படிச்சியா?"

"இல்லைடா," என்றாள். சொல்லும்போது கூசியது. "நம்பரை மட்டும் பார்த்தேன்."

"அக்கா எங்க?"

"கீழே, தரையில நிக்கிறாங்க. டாக்டரம்மாவும் இருக்காங்க."

"பத்திரிகைக்காரன்?"

"கேட்டுக்கு வெளியே. அவனை எந்த லிஃப்டுலயும் ஏற விடமாட்டாங்க."

"நீ படியில வந்துட்ட."

"வந்துட்டேன். முட்டி கழண்டு போச்சு."

உள்ளே அவன் ஒரு பெரிய மூச்சு விட்டது கேட்டது. "அப்ப எல்லாரும் தப்பிச்சாச்சு," என்றான். தாழ்ப்பாள் விலகியது.

தாடியும் குழிவிழுந்த கண்ணுமாக வெளியே வந்தான். அறையைப் பூட்டி, சாவியை அவள் கையில் கொடுத்து, "வேற மெக்கானிக் வர்ற வரைக்கும் பலகையை யாரும் எடுக்கக் கூடாது," என்றான். நோய் போய்விடவில்லை, இறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டான். அவள் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்றாள். இன்ஸ்பெக்டர் பின்வாசலைத் திறந்து வைத்திருந்தார். அக்கா தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டாள், டாக்டரம்மா கார் கதவைத் திறந்தார். ஒரு கேமராவிலும் அவன் முகம் விழவில்லை.

மறுநாள் மாலைப் பத்திரிகையில் சுருட்டையின் படம் வந்தது. "'ஐயாயிரமும் நான்தான்!' கும்பலின் தலைவி ஒப்புதல்." அதை அவள் கத்தரித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மூன்றாவது வாரம் லிஃப்ட்டு அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். அக்கா வராந்தாவில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டாள். அதற்குள் பத்திரிகைகள் வேறு ஒருவனைப் பிடித்துக்கொண்டிருந்தன; இவன் தேறியதை எழுத ஒருவருக்கும் நேரமில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவன் பழையதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினான். "நம்பரைச் சைபர்ல வை," என்றான். வைத்தாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் பக்கத்தைத் திறந்தாள். கட்டத்தில் ஒன்று என்று வந்தது. அவள் மூடவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுத்தெல்லாம் வந்துசேரப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: "லிஃப்டில் மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். கதவை உடைக்கப் பார்க்க வேண்டாம். மணியை அழுத்துங்கள். வெளியே இருப்பவருக்குக் கேட்கும் வரை அழுத்துங்கள்."

ஒரே லைன் என்பதால் மோடத்தை நிறுத்தினால்தான் போன் பேச முடியும். நிறுத்திவிட்டு அவனுக்கு அடித்தாள்.

"படிச்சேன்டா."

"எதுவரைக்கும்?"

"கடைசி வரி வரைக்கும்."