ஏழாம் முக்காலிக்காரர்

மொரியோவின் பகல் சாப்பாடு அவன் இல்லாமலே தினமும் தீர்ந்துகொண்டிருந்தது. ஜப்பானின் ஹமாசே துறைமுகத்தில், மீன் ஏலக்கூடத்துக்கு எதிர்ச்சந்தில் இருக்கும் எட்டு முக்காலிச் சாப்பாட்டுக் கடையில், பன்னிரண்டு மணிக்கு வாசல் துணியைத் தொங்கவிட்டுக் கடை திறந்ததும் ஏழாவது முக்காலிக்கு முன்னால் சோறு, சுட்ட கானாங்கெளுத்தி, மிசோ என்ற சோயா விழுதுச் சாறு, முள்ளங்கி ஊறுகாய் எல்லாம் வைக்கப்படும். பன்னிரண்டே காலுக்குத் தட்டில் முள் மட்டும் கிடக்கும். முக்காலியில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் மொரியோ ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே ஏதோ ஒரு கடலில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தான். 1972 மார்ச்சில் கப்பலேறியவன், திரும்பி வர இருபது மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

கடலுக்குப் போனவருக்கு வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு எடுத்து வைப்பது அந்த ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. சோற்றுக் கிண்ணத்தை மூடிவைத்து, சற்று நேரம் கழித்து மூடியைத் திறப்பார்கள். உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஆள் நலம். காய்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மொரியோவின் மனைவி இகுயோவுக்கு வீடு மாடியில், சமையல் எல்லாம் கீழே கடையில். அதனால் புருஷனுக்கான சாப்பாட்டையும் அவன் வழக்கமாக உட்காரும் ஏழாவது முக்காலியின் முன்னாலேயே வைத்தாள். மற்ற வீடுகளில் அந்தச் சோறு ஆறிப்போய், சாயங்காலம் வீட்டார் வயிற்றுக்குள் போகும். இங்கே மூன்றாம் மாதத்திலிருந்து அது தானே தீரத் தொடங்கியது. வாடிக்கைக்காரர்கள் முதல் வாரம் எட்டிப் பார்த்தார்கள், அடுத்த வாரம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள், அதற்கடுத்த வாரம் மிளகாய்த்தூள் டப்பாவை மரியாதையாக அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். “குடுத்து வச்ச மனுசன்யா,” என்றார் ஐஸ் ஆலை நுகாடா. “சம்பளம் அங்க, சாப்பாடு இங்க.”

இகுயோவுக்கு மட்டும் சந்தேகம். மொரியோ இடதுகைப் பழக்கக்காரன். மீன் தோலைத் தொடவே மாட்டான். கல்யாணமான புதிதில் இருந்தே அது தட்டோரத்தில் சுருண்டு கிடக்கும். ஏழாவது முக்காலிக்கு முன்னால் காலியாகும் தட்டிலோ தோல் இருக்காது. சாப்பிட்ட குச்சிகள் வலது கைக்காரன் வைப்பதுபோல வைக்கப்பட்டிருக்கும். மற்றவர் கண்ணில் படும் முன்னால் அவள் ஓடிவந்து தட்டை எடுத்துக் கழுவிவிடுவாள். மாமனார் கெம்பாச்சி அடுப்புப் பக்கம் திரும்பி மீன் சுடுகிறவர், முதுகுக்குப் பின்னால் நடப்பது அவருக்குத் தெரியாது. வைப்பதை நிறுத்தினால், ஒருவேளை சாப்பிடுவது அவன்தான் என்றால், நடுக்கடலில் பட்டினி கிடப்பான். வைத்துக்கொண்டே போனால், யாரென்றே தெரியாத ஒன்றுக்குத் தீனி போட்டு வளர்க்கிறாள். இந்தப் பயத்தோடுதான் அவள் தினமும் அரிசி களைந்தாள்.

பதினான்காம் மாதம் கப்பல் புயலில் மாட்டியது. ஒன்பது நாள் வயர்லெஸ்ஸில் ஒரு சத்தமும் இல்லை. முதல் நாள் இகுயோ மூடியைத் திறந்தாள், காய்ந்திருந்தது. சோற்றிலிருந்து ஆவி அவள் முகத்தில் அடித்தது, மூடி மட்டும் வெயிலில் கிடந்த ஓடுபோல இருந்தது. கண்ணை மூடித் திறந்தாள். அப்படியேதான் இருந்தது. ஆனால் சாப்பாடு வழக்கம்போலத் தீர்ந்தது, தோல் உட்பட. இரண்டாம் நாள் கெம்பாச்சி அடுப்பை விட்டு வந்து, “மூடியைக் காட்டும்மா” என்று கேட்டார். மீன் திருப்பும் இடுக்கியைக் கீழே வைக்கக்கூட மறந்திருந்தார். குழாயில் விரலை நனைத்து மூடிக்குள் சுண்டிவிட்டு எடுத்துக் காட்டினாள். “பாத்தியா, முத்து கோத்திருக்கு! என் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது,” என்று கிழவர் எல்லாரும் கேட்கும்படி சொல்லிவிட்டு மீன் திருப்பப் போனார். இகுயோ பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தாள். ஒன்பதாம் நாள் தந்தி வந்தது: கப்பல் பத்திரம், மொரியோ பத்திரம், ஒரே ஒரு ஆளை அலை கொண்டுபோய்விட்டது. அது ஊர்க்காரன் பெயர் இல்லை என்றதும் யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. ஆனால் அதன் பிறகும் மூடி என்ன சொல்கிறது என்று பார்க்க இகுயோவுக்குத் தைரியம் வரவில்லை. தினமும் கிண்ணத்தை மூடும் முன்பே ஈர விரலால் மூடியின் உட்புறத்தைத் தடவிவிடுவாள்.

1973 நவம்பரில் மொரியோ நல்ல மத்தியான நேரத்தில், தோளில் பையோடு கடைக்குள் நுழைந்தான். ஏழு முக்காலிக்காரர்களும் எழுந்து கைதட்டினார்கள். திரும்பி வந்தவன் தன் இடத்தில் உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டைத் தானே சாப்பிட வேண்டும், அதோடு வைப்பது முடிந்தது, அதுதான் முறை. மொரியோ ஏழாவது முக்காலியை இழுக்கப் போனவன் சட்டென்று கையை எடுத்தான். காலி இடத்தைப் பார்த்துக் குனிந்து, “மன்னிக்கணும்” என்று சொல்லிவிட்டு எட்டாவதுக்கு நகர்ந்தான். அங்கிருந்தவர் தன் கிண்ணத்தோடு எழுந்து இடம் விட்டார். “உன் எடம்தானேய்யா அது?” என்றார் நுகாடா. “இல்ல, ஆள் இருக்காங்க,” என்றான் மொரியோ, தலை நிமிராமல். நுகாடா சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் வரவில்லை.

தனியாக வைத்த சாப்பாட்டை அவன் இடது கையால் சாப்பிட்டான், தோலை ஒதுக்கினான். இவன்தான், இவனேதான் என்று இகுயோ அடுப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள். ஆள் இருக்காங்க என்று அவன் சொன்ன பிறகு ஏழாவதுக்கு வைப்பதை நிறுத்த அவளுக்குத் துணிவில்லை. மறுநாள் பழக்க தோஷத்தில் அவனுக்கான கடைக் கிண்ணத்தையும் மூடிக்கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துத் திறந்தாள். காய்ந்திருந்தது. பக்கத்தில் ஏழாவது கிண்ணம், அவள் ஈர விரல் பட்டது, பளபளவென்று இருந்தது. அன்றிலிருந்து மொரியோ மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டும் பசி என்றான். புத்தாண்டுக்குள் இடுப்பு வாரில் நான்கு புதுத் துளை போட வேண்டியதாயிற்று. அவன் உட்கார்ந்தால் முக்காலி கிறீச்சிடுவது நின்றது. ஏழாவது கிறீச்சிட்டது. வைத்தியர் நாடி பார்த்து, ஒரு குறையும் இல்லை, நன்றாகச் சாப்பிடட்டும் என்றார்.

ஜனவரிக் கடைசியில் கெம்பாச்சி முதல் தடவையாக அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று, பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டே கால் வரை ஏழாவது முக்காலியையே பார்த்தார். அன்று சுட்ட மீன் எல்லாம் கருகிப்போனது. “செத்தவன் சாப்பிடுறாம்மா,” என்றார், கடை சாத்தியதும். “உயிரோட இருக்கறவன் மாதிரி உபசாரம் பண்ணா அவன் ஏன் போவான்? செத்தவனுக்கு எப்படி வைக்கணுமோ அப்படி வை. சோத்துல குச்சியக் குத்தி நிறுத்து. பாத்ததும் புரிஞ்சுக்குவான்.”

இகுயோ ஏழாவதின் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். அந்தக் கிண்ணம் மொரியோவின் கிண்ணம். இருபது மாதமாக மொரியோ பெயர் சொல்லி வைத்த சோறு. அதில் குச்சியைக் குத்தினால் போகப்போவது யார்? அவள் மாடிக்கு ஓடி, சுவரோரம் சுருண்டு படுத்திருந்த புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “யாருங்க அது? சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்.”

மொரியோ சுவர்ப் பக்கமிருந்து திரும்பினான். பிறகு உசாபுரோ என்றான். கப்பலில் ஐம்பது வயதுக்காரர், ஊரில் கதவு திறக்க ஆள் கிடையாது, சாப்பாடு எடுத்து வைக்கவும் யாரும் இல்லை. “மத்தியானம் ஆனா போதும், உன் வீட்ல இன்னைக்கு என்ன, உன் வீட்ல என்னன்னு ஒவ்வொருத்தனா கேப்பாரு. பாவமா இருந்துச்சு. எம் பொண்டாட்டி வைக்கறத நீங்க எடுத்துக்குங்கண்ணேன்னு விளையாட்டாச் சொன்னேன். மறுநாளே கப்பல் சாப்பாட்ட வேணாம்னுட்டாரு. வயிறு ரொம்பிடுச்சாம். இன்னைக்குக் கானாங்கெளுத்தி நல்லா சுட்டிருக்கு, உங்கப்பாகிட்டச் சொல்லுங்கறாரு.” அவன் எழுந்து உட்கார்ந்தான். “புயல்ல நான் நிக்க வேண்டிய எடத்துல அவரு நின்னாரு, இகுயோ. நீ வீட்டுக்குப் போக வேண்டியவன்னு என்னைத் தள்ளிவிட்டுட்டு நின்னாரு. இத எந்த வாயால வந்து உங்கிட்டச் சொல்வேன்?”

அன்று இகுயோ கண்ணை மூடவில்லை. மூடி அந்த முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கிறது. நீ உயிரோடு இல்லை என்று உசாபுரோவுக்குத் தெரிவித்திருக்கிறது. அவள்தான் குழாய்த் தண்ணீரைச் சுண்டி, இருக்கிறாய், இருக்கிறாய் என்று இத்தனை மாதமாக அவருக்குப் பொய் சொல்லியிருக்கிறாள். உயிர் இருப்பதாக நம்பியவருக்கு உயிர் வேண்டியிருக்கிறது. அதைப் பக்கத்து முக்காலியிலிருந்து எடுத்துக்கொள்கிறார்.

மறுநாள் கடை நிறைந்திருந்தது. அவள் மொரியோவின் கிண்ணத்தை எட்டாவதில் மொரியோ முன்னால் வைத்தாள். ஏழாவதுக்குக் கடைக் கிண்ணம் ஒன்றை எடுத்து, விரலை நனைக்காமல், மூடிக் கொண்டுவந்தாள். “குத்தும்மா,” என்றார் கெம்பாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் குச்சிகளைச் சோற்றுக்கு மேலே நிமிர்த்திப் பிடித்தாள். மொரியோ கண்ணை மூடிக்கொண்டான். கடையில் மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது.

அவள் குச்சிகளைப் படுக்கவைத்தாள், வலது கைக்கு வசதியாக. மூடியைத் திருப்பி, காய்ந்த உட்புறத்தைக் காலி இடத்துக்குக் காட்டினாள். “உசாபுரோ அண்ணே, இதப் பாருங்க. போன வருசம் மே மாசத்துலேருந்தே இப்படித்தான் இருக்கு. தண்ணி தெளிச்சது நான். எனக்குப் பயமா இருந்துச்சு. நீங்க எங்க வீட்டுக்காரரை அனுப்பி வச்சதுக்கு இப்படி ஏமாத்தியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க.” தலை மேசையில் படக் குனிந்தாள். “சாப்பாடு எப்பவும் போல உங்களுக்குத்தான். உயிர் மட்டும் அவரோடது.”

சோறு தொடப்படாமல் இருந்தது. பன்னிரண்டே கால் ஆயிற்று, அரை ஆயிற்று. ஐஸ் ஆலைச் சங்கு ஊதியும் நுகாடா எழவில்லை. சாறு ஆறி மேலே ஆடை படிந்தது. ஒரு மணிக்கு ஏழாவது முக்காலி மெல்லக் கிறீச்சிட்டு, பாரம் இறங்கியதுபோல நிமிர்ந்தது. போய்விட்டார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அப்போது சாறு குறையத் தொடங்கியது. பிறகு மீன், பிறகு தோல், கடைசியில் கிண்ணத்தில் ஒட்டிய பருக்கை ஒவ்வொன்றாக. வழக்கத்தைவிட மெதுவாகத்தான் சாப்பிட்டார். மொரியோ தன் கிண்ணத்தைத் திறந்தபோது மூடியிலிருந்து நீர் சொட்டி மேசையில் விழுந்தது. அவன் உட்கார்ந்திருந்த முக்காலி கிறீச்சிட்டது.

மொரியோ அப்புறம் கடலுக்குப் போகவில்லை. கெம்பாச்சி காலமான பிறகு அடுப்பை அவன் பார்த்துக்கொண்டான். நுகாடாவின் மகனும் இப்போது அங்கேதான் சாப்பிடுகிறான். கூட்ட நேரத்தில் வெளியூர்க்காரர் யாராவது ஏழாவது முக்காலியைக் காட்டி, இங்கே ஆள் இருக்காங்களா என்று கேட்பதுண்டு. இருக்காரு, கொஞ்சம் தள்ளி உக்காருங்க என்று கடையில் யாராவது ஒருவர் நிமிராமலே சொல்லிவிடுவார்கள். அந்தக் கடையில் எல்லாச் சோற்றுக் கிண்ணத்துக்கும் மூடி உண்டு, அவருடையதற்கு மட்டும் கிடையாது.