கூடம் நிறையப் பொன்னும் ஜேடும்

புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால், கௌ முதலாளியின் புது வீட்டுக் கூடத்தில் தூரிகையோடு நின்றாள் ஸியூலான். ஊரில் அவள் கையெழுத்தை மிஞ்ச ஆள் கிடையாது. புத்தாண்டு வாழ்த்து எழுதித் தரச் சொல்லி அவளைக் கூப்பிட்டிருந்தார் கௌ.

அவள் அண்ணன் வென்ஹாய் பன்னிரண்டு வருடம் கௌவின் பட்டறையில் ஜேடு என்ற விலையுயர்ந்த பச்சைக் கல்லை அறுத்தவன். தூசி அடங்கக் கல்மேல் தண்ணீர் விடுகிற குழாயைக்கூடப் போட்டுக் கொடுக்காத கஞ்சத்தனம். இப்போது அவன் நுரையீரல் முழுக்கக் கல்தூசி. இன்ன பட்டறையில் வேலை பார்த்தான் என்று முதலாளி முத்திரை குத்திக் கொடுத்தால்தான் அரசாங்கம் அதைத் தொழில்நோய் என்று ஏற்று வைத்தியம் பார்க்கும். அந்த ஒற்றைக் காகிதத்துக்கு எட்டு மாதமாக அலையவிடுகிறார் இந்த மனுஷன்.

"நாலே எழுத்து, தங்கச்சி. கூடம் நிறையப் பொன்னும் ஜேடும். நல்லா எழுதிக் குடு. உன் காகிதத்த பண்டிகை போகட்டும், பாப்போம்."

வாய் கூசாமல் சொன்னார் கௌ. ஸியூலான் தூரிகையை மையில் தோய்த்தாள். சிவப்புத் தாளில் நாலு சீன எழுத்தையும் எழுதி முடித்தாள். விருந்தாளிகள் கை தட்டினார்கள். அவள் தூரிகையை மறுபடி மையில் தோய்த்தாள்.

"அதான் முடிஞ்சுதே?" என்றார் கௌ.

"பாதிதான் முடிஞ்சுது, முதலாளி. இத வாழ்த்துன்னா நெனச்சீங்க? அந்தக் காலத்து ஞானி இத எச்சரிக்கையா சொன்னாரு. மீதியையும் எழுதிடறேன்."

கௌவின் மாமனார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆமா மாப்ள. யாராலயும் அதக் காத்து வச்சுக்க முடியாதுன்னு வரும்."

கௌவின் முகம் செத்துப்போனது. பண்டிகை நேரத்தில் கெட்ட சொல்லை வாயில் எடுக்கவே பயப்படுகிற ஊர் அது. எழுதிய சிவப்புத் தாளைக் கிழிப்பதோ அதைவிடப் பெரிய கேடு.

"தூரிகைய வை."

"முத்திரைய குத்துங்க, வைக்கறேன்."

மடித்து மடித்து நைந்துபோன காகிதத்தைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். எட்டு மாதம் நடக்காத காரியம் ஒரே நிமிடத்தில் நடந்தது. முத்திரை காயும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் மடித்தாள்.

"நல்லவேள, வாழ்த்தக் கெடுக்கல நீ," என்று இளித்தார் கௌ.

"கெடுக்க இங்க என்ன இருக்கு? உங்க ஜேடு எங்கண்ணன் நெஞ்சுக்குள்ள நெறஞ்சு கெடக்கு. அவன் மூச்சு விடறப்ப வந்து கேட்டுப் பாருங்க."

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. மாமனார் மட்டும் எழுந்துபோய் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.