நெவிலின் பதினான்கு டிகிரி

மனித குலம் இரண்டு காலில் எழுந்து நின்ற நாள் முதலாக, அது எவ்வளவு நேராக நிற்கிறது என்று பிசகில்லாமல் சொல்ல ஆளில்லாமல் இருந்தது. அந்தக் குறை இன்று முங்கரியில் தீர்ந்தது. முங்கரி ஆஸ்பத்திரியில் புது எக்ஸ்ரே கருவியைத் திறந்துவைக்கப் பிரிஸ்பேனிலிருந்து வந்த டாக்டர் விட்கம் இப்படித்தான் ஆரம்பித்தார். அவருக்கு முன்னால் பேசிய பள்ளிக்கூடச் சிறுமியின் உயரத்துக்கு வைத்த மைக் மேலே வரமாட்டேன் என்று அடம்பிடித்ததால், முழு உரையையும் குனிந்தபடியே ஆற்றினார். கேட்டவர்களில் பாதிப் பேர் ஆட்டு ரோமம் கத்தரித்தே முதுகு போனவர்கள். மீதிப் பேர் ரொட்டியில் சுருட்டித் தந்த சாசேஜுக்காக வந்தவர்கள்.

நெவில் ஹானிகன் முதல் ரகம். நாற்பது வருஷம், நாளைக்கு நூற்றைம்பது ஆடு. அறுபத்தாறு வயதில் அவன் முதுகெலும்பு, குடித்துவிட்டு வீடு திரும்புகிறவனின் வழி மாதிரி இடப்பக்கம் போய் யோசித்துத் திரும்பியிருந்தது. மனைவி கடலோரம் போய் இருபத்தைந்து வருஷம். அவள் திரும்பும் உத்தேசத்தில் இல்லை, அவனும் எதிர்பார்ப்பில் இல்லை.

புதுக் கருவி எக்ஸ்ரே எடுத்த நாலாவது நொடியில் தானே எலும்பை எண்ணி, தானே கோடு போட்டு, வளைவு எத்தனை டிகிரி என்று சொல்லிவிடும். பச்சை விளக்கு எரிந்தால் இரண்டு வருஷத்துக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம். சிவப்பு எரிந்தால் பிரிஸ்பேனில் அறுவை. அதற்கு முன் யாராவது ஒரு மனிதர் கையால் பரிசோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த விதியை எடுத்துவிட மறந்துபோனார்கள்.

அந்த ஏப்ரலில் நெவிலுக்குப் பச்சை விழுந்தது. இருபத்தேழு டிகிரி, மாற்றமில்லை. கூட இருந்தவர்கள் முதுகில் தட்டி வாழ்த்தினார்கள். அவனோ சாவு வீட்டிலிருந்து வருகிறவன் போல வெளியே வந்தான்.

பத்தொன்பது வருஷமாக ஏப்ரலிலும் அக்டோபரிலும் அவன் முதுகை அளந்தவள் வெர்னா. ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் மஞ்சள் மெழுகுப் பென்சிலை வைத்துக்கொண்டு, படத்தின்மேல் கோடு இழுத்து, கோணமானியை வைத்துப் பார்ப்பாள். அதற்கு முன்னால் அவனைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, தோளில் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்துவாள். அந்தக் கை, தண்ணீர்த் தொட்டியின் நிழல்பட்ட பக்கத்தைப் போல் குளிர்ந்திருக்கும். "சாயாதே நெவ், இங்க ஆடு ஒண்ணும் நிக்கலை" என்பாள். அவன் "ம்" என்பான். அந்த "ம்"முக்கு அப்புறம் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் வீட்டுக்குத் திரும்பும் நாற்பது கிலோமீட்டரும் காருக்குள் சொல்லிக்கொண்டு போவான். முங்கரி ரோட்டுக் கங்காருகளுக்கு அவன் மனசு மனப்பாடம்.

அக்டோபர் வந்ததும் பழக்கதோஷத்தில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பாதி வழியில்தான் தன்னை யாரும் கூப்பிடவில்லை என்பது உறைத்தது. வேலியோரம் காரை நிறுத்தி, வலது கையை இடது தோளில் வைத்து அழுத்திப் பார்த்தான். அது ஆடு கத்தரித்தவனின் கை, சொரசொரப்பாக இருந்தது. எஞ்சினை முடுக்கித் திரும்பினான்.

நவம்பரில் ரொட்டிக் கடைக்காரி சங்கதி சொன்னாள். கருவி வந்துவிட்டதால் பின்கட்டு அறையை மாசக் கடைசியில் பூட்டுகிறார்களாம். வெர்னா பண்டபர்க்கில் அக்கா வீட்டோடு போகிறாளாம். நேரே அவள் வீட்டுக்குப் போகலாம்தான். ஆனால் முங்கரியில் விதவை வீட்டுக் கதவை ஒருவன் சும்மா தட்டினால், அவன் வெளியே வருவதற்குள் ரொட்டிக் கடையில் கல்யாணக் கேக்குக்கு மாவு பிசைந்துவிடுவார்கள். முதுகுவலி இருந்தால் காரணம் இருக்கிறது.

அலமாரிக் கண்ணாடி முன்னால் மூன்று நாள் பழகினான். இடது முட்டியைக் கொஞ்சம் மடக்கினால் இடுப்பு இறங்கும். இடுப்பு இறங்கினால் முதுகு வளையும். கருவிக்குக் கழுத்திலிருந்து இடுப்பு வரைதான் உலகம். அதற்குக் கீழே மனிதனுக்குக் கால் உண்டு என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதுகு வலிக்கிறது என்று சொல்லி அவன் அதன் முன்னால் நின்றபோது, பொத்தானை அழுத்துகிற பெண்ணும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தோரு டிகிரி. சிவப்பு.

டாக்டர் விட்கமுக்குத் தலைகால் புரியவில்லை. ஏழே மாதத்தில் பதினான்கு டிகிரி. மனிதக் கண் தவறவிட்டிருக்கும், கருவி பிடித்துவிட்டது. பெர்த் மாநாட்டில் முதல் படமே இதுதான் என்று இருக்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். இரண்டு கம்பி, பதினாறு திருகாணி என்று நெவிலிடம் கணக்கும் ஒப்பித்தார். நெவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: கையெழுத்துப் போடுவது யார்?

பின்கட்டு அறையில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. வெர்னா படத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்து நின்றவனைப் பின்னாலிருந்து பார்த்தாள். தோளில் கை வைத்தாள். அதே குளிர்ச்சி. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"முட்டியை நீட்டு" என்றாள்.

நீட்டினான். அவள் கட்டைவிரல் அவன் கழுத்திலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது.

"அதே இருபத்தேழுதான். அந்த மேதாவி உன் முதுகுல வேலிக்கம்பி அடிச்சிருப்பான், தெரியுமா? எதுக்கு நெவ் இந்தக் கூத்து?"

"நீ ஊரை விட்டுப் போறியாமே."

"அதைக் கேக்க போன் இல்லையா உன் வீட்டுல?"

"இருக்கு. எடுத்து எடுத்து வச்சேன்."

"முப்பத்தெட்டு தடவை இந்தச் சுவத்தைப் பாத்து நின்னிருக்கே. சுவருக்கே அலுத்துப் போயிருக்கும்." குரலில் கிண்டல் இருந்தது. கை மட்டும் முதுகை விட்டு எடுக்கப்படவில்லை.

நெவில் சுவரைப் பார்த்தபடியே, கங்காருகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய அத்தனையையும் விட்டுவிட்டு, இரண்டே வார்த்தை சொன்னான்.

"போகாதே, வெர்னா."

அவள் பின்னாலேயே நின்றாள். அவன் போட்டிருந்த ஆஸ்பத்திரி அங்கி பின்பக்கம் நாடா வைத்தது. நாடாவை அவன் கட்டியிருக்கவில்லை. உள்ளே வேறு எதுவும் போட்டிருக்கவும் இல்லை.