புதன்கிழமைப் பட்டு

இரண்டு நாளாகத் தபீதாள் டீச்சருக்கு நெஞ்சில் ஏதோ அழுத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் பிரஷர் மாத்திரையை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவது என்ற முடிவோடுதான் செம்பாக்கம் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தாள். முன்பின் தெரியாத புது டாக்டரிடம் எதைச் சொல்வது?

இங்கே முன்பு இருந்த சாவித்ரி டாக்டரிடம் என்றால் சொல்லவே வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷப் பழக்கம். மகன் மெர்வினுக்கு டைபாய்டு வந்தபோது கொட்டுகிற மழையில் வீடு தேடி வந்தவர். கணவர் ஞானையா இறந்தபின், தூக்கம் வரவில்லை என்று போய் நின்றவளுக்கு மாத்திரை எழுதாமல், வெளியே கூட்டம் காத்திருக்க, அரைமணி நேரம் அவரைப் பற்றியே பேசவிட்டவர். பிரஷர் ஏறியிருந்தால், "இன்னிக்கு எந்தப் பிள்ளை அடி வாங்கிச்சு, டீச்சர்?" என்பார்.

"ஐயோ, நான் அடிக்கிறதே இல்ல டாக்டர்!"

"அப்போ மெர்வின்தான்."

போன மாதம் ஓய்வு பெற்று, மகளோடு இருக்கக் கோவைக்குப் போய்விட்டார். இரவு ஜெபத்தில் அவர் பெயரைத் தபீதாள் இன்னும் விடவில்லை.

"இன்னா டீச்சர், புதன்கிழமையில கல்யாணத்துக்குப் போறியா? பட்டு மின்னுது!" கிளினிக் ஆயா முனியம்மா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டாள்.

"சும்மாதான்" என்று உள்ளே போனாள்.

புது டாக்டர் சின்னப் பெண். கையில் தபீதாளின் பழுத்துப்போன சிகிச்சை அட்டை.

"என்ன பண்ணுது, ஆன்ட்டி?"

"ஒண்ணும் இல்லம்மா. மாத்திரை தீர்ந்துபோச்சு."

அட்டையைத் திருப்பிய பெண் நிமிர்ந்து புடவையைப் பார்த்தாள்.

"வீட்ல ஏதும் விசேஷமா?"

"இல்லையே."

"அப்போ படுங்க. ஈசிஜி எடுத்துடலாம்."

திகைத்தவளிடம் அட்டையை நீட்டினாள். ஓரத்தில் சிவப்பு மையில் சாவித்ரியின் சாய்ந்த கையெழுத்து: 'டீச்சர் சர்ச் இல்லாத நாளில் பட்டு கட்டி வந்தால், ஒன்றுமில்லை என்று சொல்வதை நம்பவேண்டாம்.'

தபீதாளுக்குக் கண் நிறைந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டால் சாயம்போன புடவையோடு கிடக்கக் கூடாதே என்று அவள் பட்டு கட்டுவது ஞானையாவுக்குக்கூடத் தெரியாது. சாவித்ரி ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் கவனித்திருக்கிறார். ஒருவர் நம்மைக் கவனிப்பதும் கர்த்தருடைய கிருபைதான்.

ஈசிஜியில் கோளாறு தெரிந்தது. "நல்லவேளை, இன்னைக்கே வந்தீங்க" என்று ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு, தாம்பரம் ஆஸ்பத்திரிக்கும் மெர்வினுக்கும் அந்தப் பெண்ணே போன் செய்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"உன் பேரு என்னம்மா?"

"மிருதுளா. ஏன் ஆன்ட்டி?"

"ஜெபத்துல சரியாச் சொல்லணும்ல."