ஆறு விரலும் இரண்டு விரலும்

நாத்தனாரின் விரலை ஆசையாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பி பொண்டாட்டியை எங்கேயாவது பார்த்ததுண்டா? மருத்துவமனையின் மூன்றாவது மாடிக்குப் போயிருந்தால் அன்று பார்த்திருக்கலாம். நகத்தோரத்து ரத்தக்குழாய்களைப் பெரிதாக்கித் திரையில் காட்டும் கருவியை இயக்குவது அவள் வேலை. எதிரே கையை நீட்டிக்கொண்டிருந்தவர் அவள் கணவனின் அக்கா.

அக்காவுக்கு ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் பதினைந்து வருஷ உழைப்பு. குளிர் அறையின் மேற்பார்வையாளர் பதவி வரும் திங்கட்கிழமை கைக்கு வர வேண்டும். வருகிற நேரம் பார்த்து, குளிர் பட்டால் விரல்கள் சுண்ணாம்பாக வெளுக்கத் தொடங்கின. ரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றுமில்லை. ஆனாலும் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: தந்துகிகள் நன்றாக இருந்தால் கையுறையோடு வேலைக்குப் போகலாம், கெட்டிருந்தால் குளிர் அறைப் பக்கமே தலைகாட்டக் கூடாது.

"தந்துகியா? பள்ளிக்கூடத்துல படிச்சது. எல்லாம் மறந்துபோச்சு."

"முடியைவிட மெல்லிசான குழாய் அண்ணி. ரத்தத்துல இருக்கிற சிவப்பணு அதுல ஒண்ணு பின்னால ஒண்ணாத்தான் போக முடியும். சுவர் ஒரே ஒரு செல் கனம். அந்தச் சுவரைத் தாண்டித்தான் ஆக்சிஜன் வெளிய போகும், கழிவு உள்ள வரும். பெரிய குழாயெல்லாம் வெறும் பாதைதான். கொடுக்கல் வாங்கல் பூராவும் இங்கதான்."

"நம்ம வீட்டுல நீ இருக்கிற மாதிரி. பேரு என் தம்பிக்கு, வேலை உனக்கு."

அவள் சிரித்துக்கொண்டே நகத்தோரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லென்ஸை வைத்தாள். சிரிப்பு அதோடு நின்றது. கொண்டை ஊசிகளை அடுக்கிவைத்தது போலத் தெரியவேண்டிய தந்துகிகளைக் காணோம். எங்கு பார்த்தாலும் ரத்தப் புள்ளிகள். அடுத்த விரலிலும் அதே கதை. கட்டைவிரல்களை விட்டுவிட்டு, வலது கையில் நான்கு, இடது கையில் இரண்டு என்று ஆறு விரல் பார்த்தாயிற்று; ஒன்றும் தேறவில்லை. பாவி, இந்தப் பதவியை என் கையாலா பறிக்க வேண்டும் என்று நொந்துகொண்டாள்.

"ஏண்டி வாயைத் திறக்க மாட்டேங்கற?"

"இருங்க அண்ணி, இன்னும் முடியல."

"உன் மூஞ்சியே சொல்லுதே. எதுவா இருந்தாலும் சொல்லிடு." அக்கா திரைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

ஏழாவதாக இடது மோதிர விரல். அட! தந்துகிகள் வரிசை பிசகாமல் நின்றன. உள்ளே ரத்தம் தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சுண்டு விரலிலும் அப்படியே. அதெப்படி, ஒரே கையில் இரண்டு விதம்? அவள் லென்ஸை ஒதுக்கிவிட்டு விரல்களை வெறுங்கண்ணால் உற்றுப் பார்த்தாள்.

"அண்ணி, நகத்தை என்ன பண்ணினீங்க?"

"டாக்டர் பார்க்கப்போற கையாச்சே! அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்? காலையில நகத்தோரத் தோலையெல்லாம் கத்தரிச்சு, பிரஷ் போட்டுத் தேய்ச்சேன்."

"இந்த ரெண்டு விரலை மட்டும் ஏன் விட்டீங்க?"

"பஸ் வந்துடுச்சு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நகத்தோரத்தைத் தொடக் கூடாது என்ற சீட்டை ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் தேடித் தேடிக் கொடுப்பவள், வீட்டு ஆள்தானே என்று இவருக்குக் கொடுக்காமல் விட்டிருந்தாள். "தப்பு என்மேலதான் அண்ணி," என்று சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் எட்டு விரலையும் நிதானமாகப் பார்த்தார். "புள்ளியெல்லாம் கத்தரிக்கோல் பண்ணின வேலை. தொடாத ரெண்டு விரலும் நல்லா இருக்கு. திங்கட்கிழமை கையுறையோட வேலைக்குப் போங்க. ஒரு மாசம் நகத்தைச் சும்மா விட்டுட்டு, திரும்ப வந்து காட்டுங்க."

அவர் போனதும் நாத்தனார் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எவ்வளவு ஒழுங்கா வரிசையில போகுது பாரேன். என் ஆளுங்களும் திங்கட்கிழமை இப்படி உள்ள வந்தா போதும்."

பிறகு கைப்பையைத் துழாவி, அந்தக் கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதை நீயே வச்சுக்க. அந்த பஸ் டிரைவருக்கு ஒரு பெட்டி ஐஸ்கிரீம் கொடுக்கணும்டி," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.